பழனி ரோட்டு கோல்ஃப் கொடி

"கடலை வெளஞ்ச காட்டுல புல்லு வளக்கப் போறாராமே உங்க மச்சான்?"

"கடலையத்தான் புடுங்கியாச்சேக்கா. காடு சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடந்தா அடுத்த வெள்ளாமை போடணும். புல்லாடா போடுவாக?"

"அது சாதாரணப் புல்லு இல்லக்கா. கோல்ஃப் புல்லு."

"மாடு திங்குமா?"

"மாட்ட உள்ளயே விடக்கூடாதுக்கா."

"மாடு திங்காத புல்லு பின்ன யாருக்குடா?"

"ஜெர்மனிக்காரரு நடக்குறதுக்கு."

"ஏன், அவருக்கு நடக்க ரோடு இல்லயா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சௌகத் அலி அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சண்டை போடுவது அவர் மனைவி சைதூனும் மச்சினன் அயாஸும். இப்போது உள்ளே போனால் மிச்சச் சண்டை மொத்தமும் தன் பக்கம் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். கழற்றிய செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"வந்தவுக எங்க போறீக? உள்ள வாங்க" என்றாள் சைதூன். அவளுக்கு முதுகிலும் கண் உண்டு.

சௌகத் அலிக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் வீடு. ஊருக்கு வெளியே ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் பட்டறை. பழனி ரோட்டில் கொஞ்சம் காடு. இந்த மூன்றில் சோறு போட்டது தோல் ஷாப்தான். அதுதான் இப்போது படுத்துக் கிடந்தது. தோல் ஊற வேண்டிய தொட்டி ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த நாலைந்து பேரும் பாயின் முகத்துக்காக இருந்தார்களே தவிர வேலைக்காக இல்லை.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனிக்காரர் வந்து மாட்டினார். மெட்ராஸில் நடந்த தோல் கண்காட்சியில் அயாஸ் அவரைப் பிடித்தான். ரூடல்ஃப் என்று பெயர். கையுறை வியாபாரம். கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கையில் மட்டும் போட்டுக்கொள்வார்களே, அந்தக் கையுறை. அதற்குச் செம்மறியாட்டுத் தோல் வேண்டும். வெள்ளையாக, மெல்லிசாக, கன்னத்தில் தேய்த்தால் பச்சைக்குழந்தை மாதிரி இருக்க வேண்டும். அப்படித் தோல் பதப்படுத்த சௌகத் அலியை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. இந்த ஆர்டர் மட்டும் கிடைத்துவிட்டால் பூனை வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"மச்சான், அவரு தோலை மட்டும் பாத்து ஆர்டர் குடுக்குற ஆளு இல்ல" என்றான் அயாஸ். "ஆளையும் பாப்பாரு. அவருக்கு இங்கிலீஸ் வராது, எனக்கு ஜெர்மன் வராது. ஆனா இந்தப் படத்தக் கையில குடுத்துட்டு நெஞ்சத் தொட்டுக் காட்டினாரு பாருங்க. இது அவருக்கு உசுரு மச்சான். இதான் அவுக ஊரு கோல்ஃப் கிரவுண்டு."

படத்தைக் கூடத்தில் விரித்து நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்தார்கள்.

பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஜெர்மனியில் எங்கோ ஒரு கிராமத்துப் பக்கம். ஏறி இறங்கிப் போகிற பச்சைப் புல்வெளி. குடை விரித்த மாதிரி அங்கங்கே பெரிய பெரிய மரங்கள். நடுவில் ஒரு குளம். அங்கங்கே வெள்ளை மணல் பள்ளம். ஒரு ஓரத்தில் புல் மேடு, அதில் ஒரு குழி, குழியில் ஒரு கம்பு, கம்பில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி.

"இம்புட்டு எடத்துல ஒரு மனுசரக் காணோம்" என்றாள் சைதூன்.

"பணக்கார எடம்க்கா. கூட்டம் இருக்காது."

சௌகத் அலி அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தோல் தொட்டியைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தண்ணீர் என்னவோ செய்தது. ஜெர்மனிக்காரர் தைப்பூசத்தை ஒட்டி வருவதாகப் போன் வந்திருந்தது. வருகிறவருக்கு மாலை போடலாம், பிரியாணி போடலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவர் காரை விட்டு இறங்கும்போது அவர் ஊர் மைதானமே எதிரில் கிடந்தால்?

"போட்ருவோம்டா அயாஸ். பூராவும் முடியாது. இந்த மேடு, இந்தக் கொளம், இந்த மணலு, இந்தக் கொடி. ஒரே ஒரு குழி."

சைதூன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படம் சுருண்டுகொண்டது. "குழிய நல்லா ஆழமாத் தோண்டுங்க. ஆர்டர் வராட்டி நாம எறங்கிக்கலாம்."

காட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் பொம்மையன். ஐம்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்வான், செய்து முடித்த பிறகு ஏன் என்று கேட்பான். கண்மாய்க் கரையிலிருந்து அருகம்புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வந்து பதித்தான். தார் டின்னில் தண்ணீர் ரொப்பி அதன் மேல் உருட்டினான். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் பறித்து, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டு, குளம் என்றான். ஆற்று மணல் ஒரு டிராக்டர் வந்து கொட்டியது. புளியமரமும் வேப்பமரமும் ஏற்கெனவே இருந்தன. புல் மேட்டில் குழி தோண்டி, குழிக்குள் பால்பவுடர் டின்னை இறக்கி, மூங்கில் கம்பை நட்டு, படத்தில் இருப்பது போலவே சிவப்புத் துணியைக் கட்டினான்.

"எல்லாம் சரிங்க மொதலாளி. இது எதுக்கு?"

"பந்த அடிச்சு இந்தக் குழிக்குள்ள போடணும்டா."

"கையில கொண்டாந்து போட்டா ஆகாதுங்களா?"

சௌகத் அலி இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். சாயங்கால வெயிலில் புல் மினுங்கியது. கொடி ஆடியது. அவருக்கு அந்த இடத்திலேயே ஜெர்மன் மொழி வந்துவிடும் போல இருந்தது.

மறுநாள் காலையில் போனபோது மேட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். நடுவில் சடையாண்டி. கூலித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பாயைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மொதலாளி ஒருத்தரு தன் சொந்தக் காட்டுல நம்ம கொடிய ஏத்தியிருக்காருன்னா இந்த ஜில்லாவுலயே இது மொத தடவை. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு."

"சடையாண்டி, அது வந்து, அது விளையாட்டுக் கொடிப்பா."

"கொடியில என்ன பாய் விளையாட்டு? அடுத்த வாரம் மாவட்டத்துல இருந்து ஆளு வாராக. கிளை தொறக்குறோம். கூலி உயர்வு பத்தி நீங்களே ரெண்டு வார்த்தை பேசணும்."

நாலைந்து வேலையாட்கள்தான் மிச்சம். அவர்கள் முன்னால் கூலி உயர்வு பற்றி முதலாளியே பேசினால் என்ன ஆகும்? சங்கத்து ஆட்கள் போனதும் சௌகத் அலி பொம்மையனைக் கூப்பிட்டார்.

"கலர மாத்துடா."

"என்ன கலரு மொதலாளி?"

"எதாச்சும். செவப்பு இல்லாம எதாச்சும்."

பொம்மையனின் வீட்டில் மஞ்சள் வேட்டி இருந்தது. அவன் பழனிக்கு மாலை போட்டிருந்தான்.

மறுநாள் காலையில் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. தைப்பூசப் பாதயாத்திரை. மஞ்சளும் பச்சையுமாகப் பழனி ரோடு முழுக்கச் சனம். ரோட்டோரத்தில் புல் தரை, மர நிழல், குளம் நிறையத் தண்ணீர், மஞ்சள் கொடி. இது தங்கல் இல்லை என்றால் வேறு எது தங்கல்? புல்லில் ஈர வேட்டிகள் காய்ந்தன. குளத்தில் குளியல் நடந்தது. வெள்ளை மணல் பள்ளத்தில் கால் வலிக்காரர்கள் வரிசையாகக் காலைப் புதைத்துப் படுத்திருந்தார்கள். வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடும் குருசாமி அதற்குள் நாலு கம்பு ஊன்றிக் கீற்றும் வேய்ந்துவிட்டார்.

"பாய், புண்ணியமாப் போகும். மணலு போட்டு வச்சீக பாருங்க, அதுக்கே தனியா ஒரு கும்புடு. காலுக்கு அம்புட்டு எதமா இருக்குங்குறாக."

நடந்து வந்தவர்களை எழுந்து போகச் சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? சௌகத் அலி மோர் காய்ச்சச் சொல்லிவிட்டு வந்தார். மோரைக் காய்ச்சுவதில்லை என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"மச்சான், கொடி மஞ்சளா இருக்குற வரைக்கும் கூட்டம் கொறயாது" என்றான் அயாஸ். "பேசாம பச்சை கட்டுங்க. நம்ம கலரு. நம்ம காடு. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. மறுநாள் சைதூனின் பெரியம்மா அஜீஸுன்னிசா ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே இன்னும் இரண்டு ஆட்டோ. கையில் ஊதுபத்தி, சர்க்கரை, மல்லிகைச் சரம். ஆள் நீளத்துக்கு ஒரு புல் மேடு, தலைமாட்டில் பச்சைக் கொடி, பார்க்க தர்கா சமாதி மாதிரியே. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேட்டுக்கு முன்னால் நின்றார்.

"மாப்புளே, இங்க எந்த அவுலியா அடங்கியிருக்காக?"

"மாமி, இங்க யாரும் அடங்கலை. டின்னுதான் இருக்கு."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு கனவுல சொன்னாகளாக்கும். சரி, சரி, சொல்லாதீக. என் மூட்டு வலிக்கு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் புளியமரத்தில் நூல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மோர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டுப் போய் நூல் கட்டினார்கள். நூல் கட்டிவிட்டு வந்து மோர் குடித்தார்கள்.

மிச்சம் இருந்தது வெள்ளை. வெள்ளைக்கு யாரும் சொந்தம் கொண்டாட மாட்டார்கள் என்று பொம்மையன் சூடம் அடித்துச் சத்தியம் செய்தான். பழைய துணிகூட இல்லை, புது மல்லுத் துணி வாங்கிக் கட்டினார்கள்.

பக்கத்துக் குடியிருப்பு அந்தோணியார் கோயில் விழாக் கமிட்டிக்கு ஆரோக்கியதாஸ் செயலாளர். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நெடுநேரம் கொடியைப் பார்த்தார்.

"பாய், நல்ல மனசுதான் உங்களுக்கு. இருந்தாலும் எங்களுக்குத் திருவிழா அடுத்த வாரம். சாமியாரு வந்து மந்திரிச்சுக் கொடியேத்தணும். நீங்க முந்திக்கிட்டீங்க."

"எறக்கிர்றேன் ஆரோக்கியதாஸ். இப்பவே எறக்கிர்றேன்."

"அதெப்படி? ஏறின கொடிய நவநாள் முடியாம எறக்கலாமா? ஒம்பது நாளும் செபம் நடக்கணும். சாயங்காலம் ஆளுகளக் கூட்டிட்டு வாரேன். சப்பரம் இந்தப் பக்கமா வந்து திரும்பட்டும், புல்லு மெத்துன்னு இருக்கு, தூக்குறவங்களுக்கு நல்லது."

சௌகத் அலி மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை ஜெர்மனிக்காரர் மதுரையில் விமானம் இறங்குகிறார்.

"கொடியே வேணாம்டா பொம்மையா. புடுங்கி எறி."

அயாஸ் தயங்கினான். "கொடி இல்லாட்டி அது வெறும் பள்ளம் மச்சான். ஜெர்மனிக்காரரு கால விட்டுருவாரு."

"விடட்டும்."

பொம்மையன் பிடுங்கி எறிந்தான். அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு. நம்ம ஊரில் கொடி நடுவதை நாலு பேர்தான் பார்ப்பார்கள், பிடுங்குவதை ஊரே பார்க்கும். அரைமணி நேரத்தில் சங்கத்து ஆட்கள் லாரியில் வந்தார்கள். குருசாமி வேலோடு வந்தார். விழாக் கமிட்டி சைக்கிள்களில் வந்தது. அஜீஸுன்னிசா மாமி ஆட்டோவில் வந்து, இறங்காமலே அழுதார்.

"யாரு கை வச்சது?" என்றார் சடையாண்டி.

"எங்க கொடிய எடுத்தது யாருன்னு நாங்க கேக்க வந்தா, நீரு முந்திக்கிறீரு" என்றார் குருசாமி.

"கடைசியா ஏறினது எங்களுது. அதனால எங்களுக்குத்தான் கேக்குற உரிமை" என்றார் ஆரோக்கியதாஸ்.

"மொதல்ல ஏறினது எங்களுதுய்யா."

யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. அதுதான் சிக்கல். எல்லோருடைய கோபமும் பாய் மேல்தான். ஆளுக்கொரு கம்பு கொண்டு வந்து மேட்டில் ஊன்றினார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. மாமி தன் முந்தானைக்குள்ளிருந்து பச்சைத் துணியை எடுத்து ஆட்டோ டிரைவரிடம் கொடுத்து நாலாவதாக நடச் சொன்னார்.

"கவலப்படாதீங்க மச்சான்" என்று காதில் சொன்னான் அயாஸ். "கோல்ஃபுல பதினெட்டுக் குழி வரைக்கும் உண்டு. இன்னும் பதினாலு பேருக்கு எடம் இருக்கு."

சௌகத் அலி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பம்புசெட் பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். "சைதூனு, போச்சு. நாளைக்கு அவரு வந்து பாத்தாருன்னா ஊருக்குள்ள கலவரம்னு நெனச்சு அப்படியே திரும்பிருவாரு. தோல் ஷாப்ப மூட வேண்டியதுதான்."

இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்த சைதூன் இப்போது அரிசி டின்னைத் திறந்து சீரகச் சம்பாவை அளக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்ணுற?"

"வந்திருக்குறவுக வயித்தப் பாத்தீகளா? காலையில இருந்து கொடியப் புடிச்சிட்டு நிக்கிறாக. பசியில இருக்குற ஆளுகிட்டப் பேச முடியாது. போய் ஆடு சொல்லுங்க. மாலை போட்டவுகளுக்குத் தனி அடுப்பு, பொம்மையன் பொண்டாட்டி தக்காளிச் சோறு பொங்கட்டும்."

பிறகு அவளே பொம்மையனை விசாரித்தாள். "யாரும் பிடிக்காத கலரு எதுப்பா மிச்சம்?"

"நீலம்..."

"ஆளு இருக்கு."

"காவி..."

"வேணாம்."

"கருப்புங்கம்மா?"

"வாரவருக்குக் கருப்புக் கொடி காட்டினா, காரு பழனி ரோட்டுக்கே வராது."

அவள் பீரோவைத் திறந்தாள். ரோஸ் நிறத்தில் ஊதாப் பூவும் பச்சைக் கிளியும் போட்ட துணி. நைட்டி தைத்த மிச்சம்.

"ஏன்டி, உன் நைட்டித் துணியக் கம்புல ஏத்தி ஊருக்குக் காட்டச் சொல்றியா?"

"கிளி போட்ட கொடிக்கு எவன் கட்சி நடத்துறான்னு பாத்துருவோம்."

பகல் பந்தி கோல்ஃப் மைதானத்தில்தான் நடந்தது. மெத்தென்ற புல்லில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிரியாணித் தேக்சா திறந்ததும் வந்த வாசனையில் பழனி ரோட்டில் பஸ் ஒன்று நின்று போனது. முதல் முறை வைத்தபோது குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். இரண்டாவது முறை சோறு வைத்தபோது சடையாண்டி, "குருசாமிக்குத் தக்காளிச் சோறு காணாது போல, வைப்பா" என்றார். மூன்றாவது முறை வைத்தபோது ஆரோக்கியதாஸ் எலும்பைத் தட்டிக்கொண்டே, "நாம எதுக்கு வந்தோம்?" என்று கேட்டார்.

அப்போதுதான் சைதூன் வந்து நின்றாள்.

"சாப்புட்ட எல்லாருக்கும் ஒரு வார்த்தை. எங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கொடி மேலயும் கோவம் இல்ல. தோல் ஷாப் ஓடணும், நம்ம ஊரு ஆளுக திருப்பூருல இருந்து திரும்பி வரணும், அம்புட்டுத்தான். அவுகவுக கொடிய அவுகவுகளே மரியாதையா எறக்கி, மடிச்சு எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஒரு நாள் இது இருக்கட்டும்."

கிளித் துணியை விரித்துக் காட்டினாள். எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அதில் ஆட்சேபிக்க ஏதாவது அகப்படுமா என்று சடையாண்டி நன்றாகத்தான் தேடினார்.

"இதுக்கு என்ன அர்த்தம்மா?"

"ஒரு அர்த்தமும் இல்லண்ணே."

"அப்ப சரி" என்றார் குருசாமி.

நாலு கொடியும் முறைப்படி இறங்கின. கிளி ஏறியது. மாமி மட்டும் போகும்போது கிளித் துணியின் நுனியில் ஒரு சின்ன நூலைக் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அம்பாசடர் கார் வந்து நின்றபோது காட்டைச் சுற்றி ஊரே நின்றது. ரூடல்ஃப் ஆறடிக்கு மேல் உயரம், அரைக்கால் சட்டை, வெயிலில் அதற்குள் சிவந்திருந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். அறிவுச்செல்வி. பக்கத்துச் சேவுகம்பட்டிப் பெண்தான், மெட்ராஸில் ஜெர்மன் படித்தவள்.

ரூடல்ஃப் காரின் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். புல்லைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மணல், மேடு, மரம், கொடி. தன் பையிலிருந்து அதே படத்தில் இன்னொன்றை எடுத்து விரித்து, படத்தையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் புல்லில் கால் வைத்தார். கண்ணைத் துடைத்தார்.

"அழுகுறாருப்பா" என்றார் ஆரோக்கியதாஸ், கூட்டத்திலிருந்து.

சௌகத் அலி முன்னால் ஓடி வந்தார். "ஆடச் சொல்லும்மா. ஒரு அடி அடிக்கச் சொல்லு." தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்திருந்த கோல்ஃப் மட்டையையும் பந்தையும் நீட்டினார்.

ரூடல்ஃப் கூச்சத்தோடு வாங்கினார். வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி வீசினார். புல்பத்தை ஒன்று பறந்து குருசாமியின் தோளில் விழுந்தது.

"கில்லி ஆடுற மாதிரில்ல பிடிக்கிறாரு" என்றார் சடையாண்டி.

"நம்ம புல்லு சரியில்லையோ?" என்று கலங்கினார் சௌகத் அலி. அயாஸ் அவசர அவசரமாகத் தோலை எடுத்து வந்து காட்டினான். ரூடல்ஃப் அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். தோல் பிடித்துவிட்டது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கண் மட்டும் கிளிக் கொடியை விட்டு அகலவில்லை. அது என்ன கொடி என்று கேட்டார்.

அறிவுச்செல்வி சுற்றி நின்றவர்களைக் கேட்டாள். ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சிவப்பு ஏறின கதை, மஞ்சள் ஏறின கதை, பச்சை, வெள்ளை, நாலு கம்பு, பந்தி. அவள் சொல்லச் சொல்ல ரூடல்ஃபின் வாய் திறந்துகொண்டே போனது. சடையாண்டியைக் காட்டி ஏதோ கேட்டார். குருசாமியைக் காட்டிக் கேட்டார். ஆரோக்கியதாஸையும் மாமியையும் காட்டிக் கேட்டார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கடைசியில் சைதூனுக்கு முன்னால் வந்து இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு சௌகத் அலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

"ஆர்டர் குடுத்துட்டாராம்மா?" என்றார் சௌகத் அலி.

அறிவுச்செல்வி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இல்லங்கய்யா. படத்துல இருக்குற மைதானம் அவுக ஊருல இன்னும் வரவே இல்லயாம், அது இவரு ஆள வச்சு வரஞ்ச படமாம், அங்க இன்னைக்கும் முட்டைக்கோஸ் காடுதானாம். கோயில்காரவுக, சங்கத்துக்காரவுக, விவசாயிகன்னு ஆளுக்கொரு கொடிய நட்டு வச்சுக்கிட்டு வருசக்கணக்கா விட மாட்டேங்குறாகளாம், அது முடிஞ்சாத்தான் கையுறையே விக்குமாம், அதனால நீங்களும் அம்மாவும் அந்தத் துணியோட ஒரு தடவை வந்து பேசி முடிச்சுக் குடுக்க முடியுமான்னு கேக்குறாரு."

சௌகத் அலி பாய் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். சைதூன் மட்டும் அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜெர்மனிப் பக்கம் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே சீரகச் சம்பா கிடைக்குமா, இல்லை இங்கிருந்தே மூட்டை கட்ட வேண்டுமா என்று தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதுங்கள்.